நிவாரணம் ஏறலையா? நம்பரைச் சொல்லுங்க!

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, தங்கச்சிமடத்தில் தனியாக இருக்கிறார். விசைப்படகுப் பங்கை விற்ற 4 லட்சம் ரூபாய் அவரது சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. போன வாரம் ஒருவன், ‘தடைக்கால நிவாரணம் உங்க கணக்குல ஏறலை, போனுக்கு வர்ற நம்பரைச் சொல்லுங்க’ என்று கேட்க, பாதி எண்ணைச் சொல்லிவிட்டார். நல்லவேளை, சிக்னல் போய்விட்டது. திட்டினால், ‘எனக்குத் தெரியாதா?’ என்று கோபப்படுகிறார். எப்படிப் புரியவைப்பது?
- வாசகி, சென்னை

பதில்: முதலில் திட்டுவதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை பணமே போனாலும் உங்களிடம் மறைப்பார்.

அவர் நம்பியதில் வியப்பில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதும், மீனவர் குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் தருவதும் உண்மை. அந்த உண்மையைத்தான் அவன் தூண்டிலில் கோத்திருக்கிறான். ஆனால் கணக்குக்குப் பணம் வர ஓடிபியும் வேண்டாம், யுபிஐ பின் நம்பரும் வேண்டாம். இதை வாயால் சொல்லாமல் செய்துகாட்டுங்கள். அவருக்கு 10 ரூபாய் அனுப்புங்கள். எதையும் அழுத்தாமலே வந்து சேரும். அதையே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், பின் நம்பர் கேட்கும். பணம் வெளியே போகும்போதுதான் கேட்கிறது என்பது அவர் விரலுக்கே தெரிந்துவிடும்.

பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் உங்கள் அப்பா காரணம் கேட்டுக்கொண்டா நிற்பார்? படகைக் கட்டிவிடுவார். போனில் ‘ஓடிபி’ என்றாலும், ‘உடனே’ என்றாலும் அதுவும் கூண்டுதான், வைத்துவிடலாம். அடுத்து போலீஸ் வேஷத்தில் வீடியோ காலில் வந்து, ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டவும் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது.

எனக்கு அதைவிடக் கவலை, அந்த 4 லட்சம். போனோடு சேர்ந்த கணக்கில் இவ்வளவு எதற்கு? செலவுக்கு 10,000 போதும். மீதிக்கு வேறு வங்கியில், ஏடிஎம் கார்டும் யுபிஐயும் நெட் பேங்கிங்கும் இல்லாத கணக்கு தொடங்கி, வைப்புநிதியில் போடுங்கள். மூத்த குடிமக்களுக்குப் பெரும்பாலான வங்கிகள் அரை சதவீதம் வட்டி கூட்டித் தருகின்றன. அவரை அழைத்துப்போக அதையே காரணமாகச் சொல்லலாம், ஏமாந்த கதையை எடுக்க வேண்டாம்.

ஒருவேளை பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் வங்கிக்கும் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, ஓடிபியை நாமே சொல்லியிருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் நம் நஷ்டம். தெரிவித்தபின் போனால் வங்கி பொறுப்பு. 1930 என்பதை வீட்டுக் காலண்டரில் பெரிதாக எழுதிவிட்டு வாருங்கள், கண்ணாடி போடாமலே தெரிகிற அளவுக்கு.