ஒரே கட்சிக்காரர்கள் அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வில் ஏன் இவ்வளவு தரக்குறைவாகத் தாக்கிக்கொள்கிறார்கள்?

கொள்கையில் பெரிய வேறுபாடு இல்லாததே முதற்காரணம் என்பேன். துப்பாக்கி உரிமை, கருக்கலைப்பு, வரிக்குறைப்பு ஆகியவற்றில் ஏறத்தாழ ஒரே நிலைப்பாடு உடையவர்கள் மோதும்போது, வாக்காளர் கண்ணில் தனித்துத் தெரிவதற்கு எதிராளியின் குணத்தையும் தோற்றத்தையும் தாக்குவதே எளிய வழியாகிவிடுகிறது.

2016இல் குடியரசுக் கட்சியில் 17 பேர் களமிறங்கினர். டிரம்ப், தம்முடன் போட்டியிட்ட மார்கோ ரூபியோவைக் 'குட்டி மார்கோ' என்றும் டெட் குரூஸைப் 'புளுகர் டெட்' என்றும் அழைத்தார். பொறுத்துப் பார்த்த ரூபியோவும் பிப்ரவரி இறுதியில் டிரம்பின் கைகள் சிறியவை என்று மேடையிலேயே நையாண்டி செய்ய, மார்ச் 3 அன்று டெட்ராய்ட் விவாதத்தில் டிரம்ப் தம் கைகளை உயர்த்திக் காட்டிப் பதிலளித்தார் (நாட்டின் உயர்பதவிக்கான விவாதம்தான் அது!). அந்தக் கேலியால் தம் பிள்ளைகள் சங்கடப்பட்டதாகச் சில நாட்களிலேயே வருந்திய ரூபியோ, மார்ச் 15 அன்று சொந்த மாநிலமான ஃபுளோரிடாவிலும் தோற்று விலகினார்.

தம் மனைவியையும் தந்தையையும் டிரம்ப் சொல்லால் தாக்கியதை மறக்காத குரூஸ், ஜூலையில் கிளீவ்லாந்தில் நடந்த கட்சி மாநாட்டில் டிரம்பை ஆதரிக்க மறுத்து, கட்சியினரின் கூச்சலுக்கு ஆளானார். ஆனாலும் செப்டம்பரில் அவரே ஆதரவு தெரிவித்தார். 'குட்டி மார்கோ'வோ 2025இல் டிரம்ப் அரசின் வெளியுறவு அமைச்சரானார்.