மவுண்ட் மாறியது, பேச்சு நின்றது

அன்புள்ள ஆலோசகருக்கு,

புகைப்படம் எடுப்பது எனக்குத் தொழில் இல்லை. ஆனாலும் சம்பாத்தியத்தில் கணிசமான பங்கு அதற்குத்தான் போகிறது. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் வயதில் மூத்த ஒரு நண்பர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வாங்கச் சொன்ன டிஎஸ்எல்ஆர் கேமராவைத்தான் (உள்ளே கண்ணாடி வைத்த வகை) வாங்கினேன். இருவரிடமும் ஒரே பிராண்ட் என்பதால் லென்ஸ்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். அவருடைய 70-200 ஜூம் லென்ஸ் பாதி நாள் என் பையில் இருக்கும், பூ, பூச்சியை மிக அருகில் எடுக்கும் என் மேக்ரோ லென்ஸ் அவர் வீட்டில் கிடக்கும்.

போன வருடம் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வேறு பிராண்டின், அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்குப் போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் நண்பர்கள் கூடியிருந்த ஒரு நாள், ஒரே பாட்டியை நாங்கள் இருவரும் எடுத்த படங்களை லேப்டாப்பில் அருகருகே வைத்தார். நிழல் பகுதியின் வெளிச்சத்தை நாலு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) தூக்கி, 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, "பாருடா, உன்னோடதுல எவ்வளவு நாய்ஸ்!" என்றார், இருண்ட இடத்தில் தெரிந்த புள்ளிகளைக் காட்டி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அதிலிருந்து தூக்கம் கெட்டுவிட்டது. இரவெல்லாம் ஒப்பீட்டு வீடியோக்கள் பார்க்கிறேன். என் கேமராவைக் குறை சொன்னால் நெஞ்சு படபடக்கிறது. யாராவது பாராட்டும் வீடியோ கிடைத்தால்தான் படுக்கவே முடிகிறது. அண்ணா போன் செய்தால் எடுப்பதில்லை. ஒரு கேமராவுக்காக இப்படியா என்கிறாள் மனைவி. பேசாமல் நானும் மாறிவிடலாமா?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் நாய்ஸைவிட அந்த 70-200தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஒரே மவுண்ட் (லென்ஸைக் கேமராவில் பொருத்தும் வளையம்) என்பது உங்களுக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வர ஒரு சாக்காக இருந்திருக்கிறது. லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அரை நாள் பேச்சில் ஓடியிருக்கும். அவர் விற்றதோடு அந்தப் போக்குவரத்து நின்றுபோனது, அதுவும் சொல்லாமல் கொள்ளாமல். லென்ஸ் இரவல் கேட்க ஆளில்லை என்று யாரிடம் போய் அழ முடியும்? அதனால்தான் அந்த வருத்தம், எந்தக் கேமரா நிழலையும் வெளிச்சத்தையும் ஒருசேர நன்றாகப் பிடிக்கிறது என்ற டைனமிக் ரேஞ்ச் சண்டையாக வேஷம் கட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

அண்ணா பக்கமும் கொஞ்சம் பாருங்கள். உளவியலாளர் ஜாக் பிரெம் 1956இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களிடம் சில வீட்டு உபயோகப் பொருட்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார். இரண்டும் ஏறக்குறைய சமமாகப் பிடித்திருந்தவர்கள் மறுபடி மதிப்பெண் போட்டபோது, எடுத்த பொருளுக்கு ஏறியிருந்தது, விட்டதற்கு இறங்கியிருந்தது. பெரிய தொகை போட்டு, பழகிய லென்ஸ்களை விற்றுவிட்டு வந்தவருக்கு இந்தச் சமாதானம் இன்னும் அதிகமாகத் தேவைப்படும். லேப்டாப்பில் அவர் காட்டியது உங்களுக்கு மட்டுமில்லை, தனக்கும் சேர்த்துத்தான். நீங்கள் நள்ளிரவில் பாராட்டு வீடியோ தேடுவதும் அதே வேலைதான்.

சிரித்த நண்பர்களைப் பற்றி ஒன்று. 1971இல் உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல்லும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், பள்ளிச் சிறுவர்களைக் கிளேயின் ஓவியம் பிடித்தவர்கள், காண்டின்ஸ்கியின் ஓவியம் பிடித்தவர்கள் என்று இரண்டாகப் பிரித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் குலுக்கல் மாதிரிதான் பிரித்தார்கள். ஆனாலும் பணம் பங்கிடும்போது பையன்கள் தம் அணிக்கே சாய்ந்தார்கள். கழுத்துப் பட்டையிலேயே கம்பெனி பெயர் பொறித்து மாட்டிக்கொண்டு திரிகிற நம் ஆட்களைக் கேட்கவா வேண்டும்!

இந்த விசுவாசம் ஒருவழிப் பாதை என்பதையும் நினைவில் வையுங்கள். 1987இல் கேனன் இஎஃப் மவுண்ட்டைக் கொண்டுவந்தபோது பழைய எஃப்டி லென்ஸ்கள் புதிய கேமரா பாடிகளில் நேரடியாகப் பொருந்தவில்லை. சேர்த்துவைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். 1959 முதல் எஃப் மவுண்ட்டைக் காப்பாற்றிவந்த நிக்கானும் 2018இல் இசட் மவுண்ட்டுக்குப் போனது. இத்தனைக்கும் நிக்கானின் பல கேமராக்களுக்கு உள்ளே இருப்பது சோனி தயாரித்த சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு). கம்பெனிகளே இப்படி இருக்க, அண்ணா மாறியதைத் துரோகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சொல்லாமல் மாறியதில் உங்களுக்கு மனத்தாங்கல் இருப்பது நியாயம்.

அதை அவரிடமே சொல்லுங்கள். அடுத்த முறை போன் வந்தால் எடுத்து, "விக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா" என்று மட்டும் கேளுங்கள். சென்சார் பேச்சு வந்தால், "ஆமாம், அதில் உங்களுடையது மேல்தான்" என்று விட்டுவிடுங்கள். முதல் தடவை தொண்டையில் சிக்கும், பரவாயில்லை. இன்னொன்று: மிரர்லெஸ்ஸில் லென்ஸ் மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம் பெரும்பாலும் 16 முதல் 20 மி.மீ.தான், டிஎஸ்எல்ஆரில் 44 மி.மீ. அல்லது அதற்கு மேல். அந்த இடைவெளியில் அடாப்டர் என்ற இடைவளையத்தைப் பொருத்தலாம். உங்கள் மேக்ரோவுக்குச் சரியான அடாப்டர் இருந்தால் அவர் பாடியில் ஏறும். ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாவிட்டாலும் மேக்ரோவில் பலரும் கையால்தானே ஃபோகஸ் செய்கிறோம். இரவல் கொடுக்க ஒரு வழி இருக்கிறது.

மாறலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். பறவைகளின் கண்ணைப் பின்தொடரும் ஃபோகஸ், சத்தமில்லாத ஷட்டர் என்று உங்கள் படங்களுக்கு நிஜமாகவே ஏதாவது தேவைப்பட்டால் அப்போது யோசியுங்கள். நாலு ஸ்டாப் என்றால் 16 மடங்கு வெளிச்சம். பாட்டியின் முகத்தை அவ்வளவு தூக்கிப் பார்க்க வேண்டிய அவசியம் இருவர் படத்துக்குமே இருந்திருக்காது.

இரவில் போனைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். சில வாரங்களுக்குப் பிறகும் தூக்கம் திரும்பவில்லை, படபடப்பு தொடர்கிறது என்றால் மருத்துவரை நேரில் பாருங்கள். கேமரா விஷயம் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.