கிளாண்டை இறுக்கினோம், வால்வு ஆடுகிறது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கள் சாயப் பட்டறையில் வெந்நீர் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போகும் ஸ்டீம் கன்ட்ரோல் வால்வு ஓயாமல் ஆடுகிறது. 85 டிகிரி வைத்தால் 79-க்கும் 91-க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. சிக்னலுக்கு ஏற்ப வால்வை நகர்த்தும் பொசிஷனரை மாற்றினோம். கன்ட்ரோலர் செட்டிங்கையும் மாற்றிப் பார்த்தோம். போன மாதம் கிளாண்டில் (வால்வின் தண்டான ஸ்டெம் வெளியே வரும் இடத்து அடைப்பில்) ஸ்டீம் கசிந்தது, அதை இறுக்கி நிறுத்திவிட்டோம். இப்போது வால்வையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா ஐயா? (பெருந்துறை வாசகர்)

மாற்ற வேண்டாம் தம்பி. கிளாண்டை இறுக்கியதாக எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் சந்தேகம். கசிவு நிற்கும் வரை ஸ்பேனரைப் போட்டு இறுக்கியிருப்பார்கள். உள்ளே இருக்கும் பேக்கிங், அதாவது கசிவை அடைக்கும் வளையங்கள், ஸ்டெம்மைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். கன்ட்ரோலர் கொஞ்சம் திற என்று சிக்னல் கொடுக்கிறது, ஸ்டெம் அசையவில்லை. சிக்னல் இன்னும் ஏறுகிறது, ஸ்டெம்மைத் தள்ளும் டயாபிரத்தில் காற்றழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் பிடி விட்டதும் ஸ்டெம் தேவைக்கு மேல் தாவிவிடுகிறது. வெப்பம் 91-க்குப் போகிறது. மூடும்போதும் இதேதான் நடக்கும். இதற்குப் புது பொசிஷனர் என்ன செய்யும்?

ஒரு காகித ஆலையின் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் 34 வருஷம் வேலை பார்த்தேன். சேர்ந்த புதிதில் ஒரு டேங்கின் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் லூப் (அளவி, கன்ட்ரோலர், வால்வு சேர்ந்த சுற்று) இப்படித்தான் ஆடியது. இரண்டு இரவு ஷிஃப்ட் முழுக்க கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து செட்டிங்கை மாற்றிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் எங்கள் ஹெல்பர் அண்ணன் கையைப் பிடித்து வால்வுக்குக் கூட்டிப் போனார். வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும் ஸ்கேல் மேல் டார்ச்சை அடித்து, "இந்த முள்ளை மட்டும் பாரு தம்பி" என்றார். முள் அசையாமல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. திடீரென்று "டக்" என்று இரண்டு கோடு தாண்டி உட்கார்ந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து எந்த லூப் ஆடினாலும் முதலில் வால்வுப் பக்கம் போய் நின்றுவிடுவேன்.

நீங்களும் செய்து பாருங்கள். கன்ட்ரோலரை மேனுவலில் போட்டு 40 சதவீதத்தில் நிறுத்துங்கள். சிக்னல் அசையாதபோதும் ஸ்டெம் ஆடினால் கோளாறு பொசிஷனரிலோ காற்றுக் குழாயிலோ இருக்கிறது. ஸ்டெம் நின்றும் வெப்பம் மட்டும் ஆடினால் ஸ்டீம் பிரஷரைப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் சிக்னலை ஒவ்வொரு சதவீதமாக ஏற்றுங்கள். கன்ட்ரோலர் கொடுக்கும் 4–20 மில்லியாம்பியர் சிக்னலில் ஒரு சதவீதம் என்பது 0.16 மில்லியாம்பியர். ஸ்ட்ரோக், அதாவது ஸ்டெம் நகரும் முழுத் தூரம், 20 மி.மீ. என்றால் ஸ்டெம் 0.2 மி.மீ. நகர வேண்டும். கண்ணுக்குத் தெரியாது, யோக்கில் (ஸ்டெம்மைச் சுற்றியுள்ள சட்டத்தில்) நுண்ணிய நகர்வைக் காட்டும் டயல் கேஜ் வைத்தால் பளிச்சென்று தெரியும். நாலைந்து சதவீதம் ஏற்றிய பிறகே தாவுகிறதென்றால் கிளாண்டுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

லைனை ஐசொலேட் செய்து (இரண்டு பக்கமும் அடைத்து), பிரஷரை முழுக்க இறக்கி, ஆறவிட்டு, காற்றையும் மூடிய பிறகுதான் கிளாண்டில் கை வைக்க வேண்டும். இதில் அவசரமே கூடாது, ஸ்டீம் பட்ட கையை நான் பார்த்திருக்கிறேன். பழைய வளையங்களை ஒன்று விடாமல் எடுங்கள். மேலே இரண்டை மட்டும் மாற்றுவது வீண் வேலை. ஸ்டெம்மை நகத்தால் தடவிப் பாருங்கள். கீறல் நகத்தில் பட்டால் புது பேக்கிங்கும் சீக்கிரமே தேய்ந்துவிடும், ஸ்டெம்மையும் சேர்த்து மாற்றுங்கள். வளையங்களின் வெட்டு வாய்கள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் தள்ளித் தள்ளிப் போடுங்கள். இரண்டு நட்டையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கமாக இறுக்கினால் பேக்கிங்கை அழுத்தும் ஃபாலோயர் சாய்ந்து ஸ்டெம்மை உரசும். இறுக்கி முடித்ததும் காற்றைத் திறந்து 0, 25, 50, 75, 100 என்று ஏறியும் இறங்கியும் ஸ்ட்ரோக் பாருங்கள். இரண்டு வழியிலும் முள் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று குறித்து வையுங்கள்.

புது லைன் போட்டோம். ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) முடிந்து முதல் வாரத்திலேயே கன்ட்ரோல் வால்வு பாஸிங் ஆகிறது, மூடியும் உள்ளே கசிகிறது. வால்வு கம்பெனி மேல் புகார் எழுதலாமா? (திருச்சியிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர்)

அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள் அம்மா. முழு மூடும் சிக்னலில் முள் எங்கே நிற்கிறது? பூஜ்யத்துக்கு வராமல் எட்டிலோ பத்திலோ நின்றால் ஓட்டத்தை அடைக்கும் பிளக்குக்கும் அது உட்காரும் சீட்டுக்கும் நடுவில் ஏதோ மாட்டியிருக்கலாம். நாங்கள் ஒருமுறை திறந்தபோது விரல் நீளத்துக்கு வெல்டிங் ராடு துண்டு குறுக்கே கிடந்தது. சீட்டில் அது பதித்த பள்ளத்தை லேப்பிங் செய்தும் (தேய்த்து மெருகேற்றியும்) போக்க முடியவில்லை. லைன் கழுவி முடியும் வரை வால்வு இருக்க வேண்டிய இடத்தில் அதே நீளத்துக்கு ஒரு ஸ்பூல் துண்டுதான் (வெறும் குழாய்த் துண்டு) நிற்க வேண்டும். வால்வு பெட்டியிலேயே, இரண்டு பக்க மூடியும் கழற்றாமல் இருக்கட்டும். உடலில் இருக்கும் அம்புக்குறி ஓட்டத்தின் பக்கம் பார்க்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.

முள் பூஜ்யத்துக்கு வந்தும் கசிந்தால் வால்வின் லீக்கேஜ் கிளாஸை, அதாவது மூடிய நிலையில் எவ்வளவு கசியலாம் என்ற தரப் பிரிவைப் பாருங்கள். உலோக சீட், கிளாஸ் 4 என்றால் முழுக்கத் திறந்தால் போகும் ஓட்டத்தில் 0.01 சதவீதம் கசிய அனுமதி உண்டு. சொட்டே விழக்கூடாது என்றால் அதற்குத் தனியாக ஒரு ஐசொலேஷன் வால்வுதான் வேண்டும்.

வால்வை இயக்கும் காற்று நின்றுபோனால் வால்வு திறக்க வேண்டுமா, மூட வேண்டுமா? (ஐ.டி.ஐ. மாணவர், சேலம்)

எது ஆபத்தில்லையோ அது. பர்னருக்கு எரிபொருள் போகும் வால்வு மூட வேண்டும், சூடாகும் ரியாக்டருக்குக் குளிர்நீர் போகும் வால்வு திறக்க வேண்டும். வால்வு வாங்கும் முன்பே, பிராசஸ் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

மழைக்காலம் வந்தால் பொசிஷனர்கள் வரிசையாகப் படுத்துவிடுகின்றன. ஏன்? (கடலூர் வாசகர்)

காற்றில் தண்ணீர் வருகிறது. பொசிஷனரில் காற்று வெளிவரும் நாசிலின் துளை ஊசிமுனை அளவுதான். ஒரு துளி தண்ணீரும் குழாய்த் துருவும் சேர்ந்தால் அடைத்துவிடும். உங்கள் இடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையை விடவும் காற்றின் டியூ பாயின்ட் (ஈரம் தண்ணீராக மாறும் வெப்பநிலை) 10 டிகிரியாவது கீழே இருக்க வேண்டும். காற்றை உலர்த்தும் ட்ரையர் உண்மையில் வேலை செய்கிறதா என்று அளந்து பாருங்கள், பச்சை விளக்கு எரிவதை நம்பாதீர்கள். ஹெடரிலிருந்து (முதன்மைக் காற்றுக் குழாயிலிருந்து) கிளை எடுக்கும்போது மேல்பக்கத்திலிருந்து எடுங்கள். கீழ்ப்பக்கம் எடுத்தால் தண்ணீர் முழுக்க வால்வுக்குத்தான் வரும். அப்புறம், ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஃபில்டர் ரெகுலேட்டரின் அடியில் இருக்கும் டிரெய்னை ஒருமுறை திறந்து, ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துப் பாருங்கள். ஈரமோ எண்ணெய்க் கறையோ பட்டால் அன்றைக்கே கம்ப்ரஸர் ரூமுக்குப் போய்ச் சொல்லுங்கள்.