எந்தச் சான்றிதழைக் கேட்கிறார்கள்?

கேள்வி: உவர்மலையில் ஏழு பேருடன் சிறு அலுவலகம் நடத்துகிறோம். ஜேர்மன் சுற்றுலாக் கொம்பனி ஒன்றின் முன்பதிவுகளையும் சிங்கப்பூர்க் கடையொன்றின் சம்பளக் கணக்கையும் இங்கிருந்து பார்க்கிறோம். சிங்கப்பூர்க்காரர் ‘சி.பி.பி.ஆர். சான்றிதழ்’ கேட்கிறார். எங்களிடமுள்ள ஐ.எஸ்.ஓ. 27001 போதாதா? ஜேர்மன் தரவு பிராங்பேர்ட் சேர்வரில்தான் இருக்கிறது. அதற்கும் ஏதாவது வேண்டுமா?
– வாசகர், திருகோணமலை

பதில்: சி.பி.பி.ஆர். என்பது நாடு விட்டு நாடு போகும் தனிநபர் தரவுக்கான சான்றிதழ். தரவை எதற்குப் பயன்படுத்துவதென்று தீர்மானிப்பவருக்கானது. நீங்களோ அவர் சொல்வதைச் செய்து கொடுப்பவர்கள். உங்கள் வகைக்குரியது, பிறருக்காகத் தரவைக் கையாளுபவர்களுக்கான பி.ஆர்.பி. சான்றிதழ். ஆனால் அதற்கும் ஓடித் திரிய வேண்டாம். இவற்றை நடத்தும் மன்றத்தில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர் எல்லாம் உண்டு, இலங்கை இல்லை. உறுப்பு நாடொன்றின் சட்ட அதிகாரத்துக்குள் வரும் நிறுவனத்துக்கே சான்று கிடைக்கும். முறைப்பாடு வந்தால் பிடித்துக் கேட்க ஆள் வேண்டுமல்லவா! சிங்கப்பூர்ச் சட்டத்தில் ஒப்பந்தமும் செல்லும். அங்குள்ளதற்கு ஈடான பாதுகாப்பைத் தருவதாக எழுதி, தரவு போகும் நாடு இலங்கை என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

ஐ.எஸ்.ஓ. 27001 தகவல் பாதுகாப்புக்கான சான்று. தரவை நாடு விட்டு நாடு அனுப்ப அது சட்டப்படி வழிவிடாது.

சேர்வர் பிராங்பேர்ட்டில் இருந்தாலும், உவர்மலையில் திரையைத் திறந்தாலே ஐரோப்பியச் சட்டப்படி அது தரவுப் பரிமாற்றம்தான். இலங்கைக்கு ஐரோப்பிய ஆணையத்தின் ‘போதிய பாதுகாப்பு’ அங்கீகாரமும் இல்லை. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர். 46 ஆம் பிரிவில் சான்றிதழ் வழி இருக்கிறது. அந்தச் சான்றிதழ் கூடியது 3 ஆண்டுதான் செல்லும், அதோடு தனி உறுதிமொழியும் வேண்டும். ஏழு பேருக்கு அது யானைக்குத் தீனி போடுவது. தரவை வெளிநாட்டுக்கு அனுப்ப ஐரோப்பிய ஆணையம் 2021 இல் வெளியிட்ட மாதிரி ஒப்பந்த விதிகளில், தீர்மானிப்பவருக்கும் கையாளுபவருக்கும் இடையிலான இரண்டாம் தொகுதியே பொருந்தும்.

பெரும்பாலும் கோட்டை விடுவது, பாதுகாப்பு ஏற்பாடுகளை எழுதும் அதன் இரண்டாம் இணைப்பில். ‘தகுந்த பாதுகாப்பு எடுக்கப்படும்’ என்று ஒரு வரி எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். கடவுச்சீட்டு இலக்கத்தை யார் யார் பார்க்கலாம், நுழைய இரட்டைச் சரிபார்ப்பு உண்டா, எத்தனை நாளில் அழிப்பீர்கள் என்று எழுதுங்கள், ஐ.எஸ்.ஓ. கோப்பு இங்கேதான் கைகொடுக்கும். எழுதிவிட்டுக் கடவுச்சீட்டுப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எல்லாம் வீண். அதே மாதிரி ஒப்பந்தத்தின் விதி 14 இன்படி, இலங்கைச் சட்டங்கள் ஒப்பந்தத்துக்குத் தடையாகுமா என்ற மதிப்பீட்டையும் எழுத்தில் வையுங்கள்.

கேள்வி: வேலை கூடும் மாதங்களில் மட்டக்களப்பிலுள்ள நண்பரின் அலுவலகத்துக்குப் பகிரலாமா?

பதில்: ஜேர்மன்காரரின் எழுத்து அனுமதி இல்லாமல் கூடாது. ஒரே நாட்டுக்குள் என்றாலும் உங்கள் நண்பர் உப கையாளுநர், அதாவது உங்களுக்குக் கீழ் தரவைக் கையாளுபவர். உங்கள் கடப்பாடுகளே அவருடனான ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும். அவர் பிழை விட்டாலும் பொறுப்பு உங்கள் தலையில்தான்.