கள்ளமற்ற கண் உண்டா?

கேள்வி: சென்ற இதழில் போலந்துப் புகைப்படக் கலைஞர் வோய்சேக் வில்ச்சிக்கைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டு, அவருடைய படங்கள் நான்கையும் சேர்த்திருந்தீர்கள். ஒரு தீயணைப்பு நிலையம், ஒரு கடை, ஒரு திரையரங்கு, ஒரு பழைய வீடு. ஆளும் இல்லை, அழகும் இல்லை, வெளிச்சம்கூடச் சரியில்லை. கைப்பேசி வைத்திருக்கும் எவரும் எடுக்கக்கூடிய படங்களுக்கு இத்தனை பக்கங்கள் எதற்கு? பாழடைந்த கட்டடங்கள்தான் வேண்டுமென்றால் அவற்றையாவது அழகாக எடுத்திருக்கலாமே?
— வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: உங்கள் கண்ணில் பட்டவை அனைத்தும் படத்தில் உள்ளவைதாம், அவற்றை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு படத்தின் கீழும் ஊர்ப்பெயரோடு ஒரு வரி அச்சிட்டிருந்தோம்: அந்தக் கட்டடம் முன்னாளில் யூதர்களின் ஜெப ஆலயமாக இருந்தது என்று. உங்கள் கடிதத்தில் அந்த வரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதைத் தாண்டிச் சென்று கடையையும் திரையரங்கையும் மட்டும் பார்த்திருக்கிறீர்கள். அந்த ஊர்களில் குடியிருப்பவர்களில் பலரும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அப்படித்தான் பார்த்து வந்தார்கள். வில்ச்சிக் படம் எடுக்கப் புறப்பட்டது இந்தப் பார்வையைத்தான்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் போலந்தில் சுமார் 33 லட்சம் யூதர்கள் வாழ்ந்தார்கள்; அவர்களில் ஏறத்தாழ 30 லட்சம் பேரை நாஜிகள் கொன்றொழித்தார்கள். வார்சா, கிராக்கோவ் போன்ற பெருநகரங்களில் யூதர்கள் பெருந்திரளாக வாழ்ந்த நாடு அது; வாரச்சந்தை கூடும் சிற்றூர்கள் பலவற்றில் மக்கள்தொகையில் பாதியோ அதற்கு மேலோ அவர்களாகவே இருந்தார்கள். மக்கள் கொல்லப்பட்டார்கள், அவர்கள் கட்டிய சுவர்கள் நின்றன. போர்க்காலத்தில் நாஜிகள் ஜெப ஆலயங்கள் பலவற்றை எரித்தார்கள். எஞ்சியவற்றில் பலவற்றைக் கிடங்காகவும் குதிரை லாயமாகவும் ஆக்கினார்கள். போருக்குப் பிறகு, திரும்பி வந்து உரிமை கேட்க ஆளில்லாத ஊர்களில் அவை அரசின் கைக்கும் உள்ளூர் நிர்வாகத்தின் கைக்கும் போய், தானியக் கிடங்கு, தீயணைப்பு நிலையம், நூலகம், திரையரங்கு, பட்டறை, குடியிருப்பு என்று மாறின. சில கூரையை இழந்து புதர் மண்டிக் கிடந்தன. யூத சமய அமைப்புகள் தங்கள் பழைய சொத்துகளைத் திரும்பக் கேட்க வழிசெய்த சட்டம் 1997இல்தான் வந்தது. வில்ச்சிக் 2006 முதல் 2008 வரை நாடு முழுவதும் அலைந்து இந்தக் கட்டடங்களைத் தேடி எடுத்தார். 300க்கும் மேற்பட்ட படங்கள். 2009இல் அவை நூலாக வந்தபோது அவர் வைத்த தலைப்பைத் தமிழில் ‘கள்ளமற்ற கண் என்று ஒன்றில்லை’ எனச் சொல்லலாம்.

இந்தத் தொடரில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஒரு சன்னல். ஜெப ஆலயத்தின் தொழுகைக் கூடம் பெரும்பாலும் இரண்டு மாடி உயரம் கொண்டது. அதற்கு ஏற்ப, மேலே அரைவட்டமாக வளைந்து முடியும் நெடிய சன்னல்களை வைப்பார்கள். அந்தக் கூடத்தை வீடுகளாகவோ அலுவலகமாகவோ மாற்ற வேண்டுமானால் நடுவே ஒரு தளம் போட்டாக வேண்டும். தளம் போட்டால் சன்னல் இரண்டாக அறுபடும். அப்போது வளைவுக்குக் கீழே செங்கல் வைத்து அடைத்து, அதன் நடுவில் சாதாரணச் சிறு சன்னல் ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். மேலே சுண்ணாம்பு பூசினாலும் பழைய வளைவின் கோடு சுவரில் தெரிந்துகொண்டே இருக்கும். கிழக்குச் சுவரின் உச்சியில் ஒரு வட்டச் சன்னலின் தடமும் சில இடங்களில் தெரியும். இந்தக் கோட்டைக் காட்டுவதற்குக் கட்டடத்தின் எதிரே நேராக நிற்க வேண்டும். சுவர் முழுவதும் ஒரே தெளிவோடு பதிவாக வேண்டும். ஒரு பகுதியை நிழல் விழுங்கவும் கூடாது, இன்னொரு பகுதியை வெயில் தூக்கிக் காட்டவும் கூடாது. வெளிச்சம் சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்திவெயிலில் எடுத்திருந்தால் உங்கள் கண் வெயிலைத்தான் பார்த்திருக்கும்.

பாழடைந்தவற்றை அழகாக எடுத்திருக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவே மாட்டேன். இடிந்த சுவரும் அதில் முளைத்த செடியும் அழகான படமாவது எளிது. அந்த அழகு, அழிவு தானாக, காலத்தின் போக்கில் நேர்ந்தது என்ற எண்ணத்தையும் உடன் கொண்டுவந்துவிடும். இங்கே அழிவு தானாக நேரவில்லை. செய்தவர்கள் இருந்தார்கள், அதனால் ஆதாயம் அடைந்தவர்களும் இருந்தார்கள். வில்ச்சிக்குக்குக் கறுப்பு வெள்ளையின் கவர்ச்சி தெரியாததல்ல. போலந்தின் தொழிற்பகுதியான சிலேசியாவில் மூடப்பட்டுக்கொண்டிருந்த உருக்காலைகளையும் சுரங்கங்களையும் அவற்றைச் சூழ்ந்த தொழிலாளர் குடியிருப்புகளையும் எடுத்த அவருடைய ‘கறுப்பு வெள்ளைச் சிலேசியா’ 2004இல் நூலாக வந்திருக்கிறது. ஜெப ஆலயங்களுக்கு வந்தபோது அவர் வண்ணத்தைத் தேர்ந்தெடுத்தார். கடையின் விளம்பரப் பலகையும், சுவரில் மாட்டிய டிஷ் ஆன்டெனாவும், வாசலில் நிற்கும் காரும் இந்தப் படங்களில் அவற்றின் இயல்பான நிறத்திலேயே இருக்கின்றன. பார்ப்பவர் இதை ‘அந்தக் காலம்’ என்று ஒதுக்கிவிட முடியாது.

போஸ்னான் நகரத்தின் பெரிய ஜெப ஆலயத்தைச் சொல்கிறேன். 1907இல் திறக்கப்பட்ட, குவிமாடம் கொண்ட பிரம்மாண்டமான கட்டடம். ஜெர்மானியர் நகரத்தைப் பிடித்த பிறகு, 1940இல், அதை நீச்சல் குளமாக மாற்றினார்கள். குவிமாடம் போயிற்று; தொழுகைக் கூடத்தில் நீர் நிரப்பப்பட்டது. போர் முடிந்தது, நாஜிகள் ஒழிந்தார்கள், பொதுவுடைமை ஆட்சி வந்து அதுவும் 1989இல் விழுந்தது. குளம் மட்டும் 2011 வரை இயங்கியது. அதாவது, வில்ச்சிக் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்த ஆண்டுகளில் அங்கே மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய் நீந்திக்கொண்டிருந்தார்கள். நீந்தியவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. எழுபது ஆண்டுகள் ஒரு நகரம் அந்தக் கட்டடத்தைக் குளம் என்றே அழைத்துப் பழகிவிட முடியும் என்பது என்னை உலுக்குகிறது. இதைச் சொல்ல அழகான படம் எதற்கு? கட்டடத்தின் முகப்பும், கீழே ஊரின் பெயரும் தெருவின் பெயரும் போதும்.

ஆள் இல்லை என்கிறீர்கள். ஆட்கள் நூலில் இருக்கிறார்கள், படத்துக்கு வெளியே. வில்ச்சிக் கேமரா முக்காலியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தபோது வழிப்போக்கர்களும் அக்கம்பக்கத்தாரும் வந்து பேச்சுக் கொடுத்தார்கள். அந்த உரையாடல்களையும் அவர் குறித்துவைத்து நூலில் சேர்த்திருக்கிறார். கட்டடம் என்னவாக இருந்தது என்று அந்தப் பேச்சில் பலருக்கும் தெரிந்திருக்கிறது; சிலருக்கு அதைப் பற்றிப் பேசுவதே பிடிக்கவில்லை. படத்தில் உள்ள வெறுமையையும் அந்தப் பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தலைப்பில் உள்ள கண் யாருடையது என்பது புரியும்.

கைப்பேசியால் எடுக்க முடியுமா என்றால், ஒரு படத்தை முடியும். நூற்றுக்கணக்கான கட்டடங்களின் பட்டியலைச் சேகரித்து, ஒவ்வொன்றுக்கும் போய், எதையும் அழகுபடுத்தாமல் ஒரே ஒழுங்கோடு எடுத்து முடிப்பது வேறு வேலை. இந்தத் தொடரின் வலு எண்ணிக்கையில் இருக்கிறது. பத்தாவது படத்தில் சலிப்பு வரும். ஐம்பதாவது படத்தில், அடுத்த பக்கத்தின் கட்டடத்தில் வளைவை நாமே தேட ஆரம்பிப்போம். நாங்கள் நான்கை மட்டும் வெளியிட்டது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்கு படங்களைப் பார்த்தவருக்கு உங்கள் கேள்வி எழுவது இயல்பே.

வில்ச்சிக்கின் அடுத்த பெரிய தொடர் ‘புனிதப் போர்’. கிராக்கோவ், வூச், மேல் சிலேசியா ஆகிய இடங்களில் கால்பந்து ரசிகர்கள் குடியிருப்புச் சுவர்களில் எழுதியவற்றை 2009 முதல் 2014 வரை எடுத்தார். எதிரணியை ‘யூதன்’ என்று வசைபாடும் எழுத்துகள் அவற்றில் ஏராளம். வூச் நகரில் இருக்கும் இரண்டு அணிகளின் ரசிகர்களும் ஒருவரையொருவர் அப்படியே ஏசிக்கொள்கிறார்கள். போருக்கு முன் மூவரில் ஒருவர் யூதராக இருந்து, இன்று மிகச் சிலரே எஞ்சியிருக்கும் ஊர் அது. அந்தச் சுவர்களின் அருகே தினமும் பள்ளிப் பிள்ளைகள் போய்வருகிறார்கள். அவற்றையும் வில்ச்சிக் நேர் எதிரே நின்று, அதே அமைதியோடுதான் எடுத்தார். அடுத்த இதழில் அந்தத் தொடரைப் பற்றி எழுதவிருக்கிறோம். சுவரெழுத்துகளின் தமிழாக்கத்தை ஒவ்வொரு படத்தின் கீழும் தருவோம். முதலில் அதைப் படித்துவிட்டுப் படத்துக்கு வாருங்கள்.