டீசலில் கலந்த பெட்ரோலைக் காய்ச்சிப் பிரிக்கலாமா?

கேள்வி: தடைக்காலம் முடிந்து விசைப்படகைத் தயார் செய்தபோது, வள்ளத்தின் அவுட்போர்டு இன்ஜினுக்கு வைத்திருந்த 5 லிட்டர் பெட்ரோலை 35 லிட்டர் டீசல் இருந்த கேனில் தவறுதலாக ஊற்றிவிட்டோம். அடியில் தண்ணீரும் நிற்கிறது. பின்னக் காய்ச்சி வடித்தல் முறையில் பிரித்துவிடலாம் என்று வேதியியல் படிக்கும் என் மகன் சொல்கிறான். செய்யலாமா? – தங்கச்சிமடம் வாசகர்.

பதில்: தயவுசெய்து அந்தக் கேனை அடுப்பின் அருகில்கூடக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் மகன் சொல்லும் முறை உண்மையானதுதான். ஆனால் இந்தக் கலவைக்கு அது வீட்டில் பலிக்காது.

அந்த முறைக்கு ஓர் உதாரணம்: அசிட்டோன் என்ற கரைப்பான் திரவம் 56 டிகிரி செல்சியஸிலும் தண்ணீர் 100 டிகிரியிலும் கொதிப்பதால், அவை கலந்த திரவத்தைச் சூடாக்கும்போது எழும் ஆவியில் அசிட்டோனே மிகுதியாக இருக்கும். அந்த ஆவி, கண்ணாடி மணிகள் நிரப்பிய நீண்ட குழாயில் ஏறும்போது திரும்பத் திரும்பக் குளிர்ந்து திரவமாகி மீண்டும் ஆவியாகிறது. ஒவ்வொரு முறையும் அசிட்டோனின் பங்கு கூடி, உச்சியை எட்டும்போது ஏறக்குறைய தூய்மையாகிவிடுகிறது. ஆனால் பெட்ரோலும் டீசலும் அப்படித் தனிப்பொருள்கள் அல்ல. ஒவ்வொன்றும் பல நூறு ஹைட்ரோகார்பன்களின் கலவை. பெட்ரோல் ஏறத்தாழ 30 முதல் 200 டிகிரி வரையிலும், டீசல் ஏறத்தாழ 160 முதல் 370 டிகிரி வரையிலும் கொதிக்கின்றன. இடையில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்ற அந்தப் பகுதியை எந்தக் காய்ச்சி வடிக்கும் கோபுரத்தாலும் 'இது பெட்ரோல், இது டீசல்' என்று பிரித்துத் தர இயலாது. மணலி போன்ற சுத்திகரிப்பு ஆலைகளில்கூடக் கொதிநிலை எல்லையை வைத்துத்தான் வெட்டி எடுக்கிறார்கள்.

ஆபத்து இதைவிடப் பெரியது. பெட்ரோல் பூஜ்ஜியத்துக்கும் கீழே, ஏறத்தாழ மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து சென்று, சற்றுத் தொலைவில் எரியும் அடுப்பைத் தொட்டாலும் தீ கேனுக்கே திரும்பிவரும்.

தண்ணீர் விஷயம் வேறு. அரைகுறையாக நிரம்பிய கேனில் இரண்டு மாதம் கடற்காற்றின் ஈரம் படிந்து அடியில் தண்ணீர் சேர்வது நம் கரையில் வழக்கம். டீசல் மட்டும் இருந்தால், ஒருநாள் அசையாமல் வைத்து, மேலிருக்கும் டீசலைக் கைப்பம்பால் எடுத்துக்கொள்ளலாம். இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், உங்கள் கேனின் அடியில் நிற்பது வெறும் தண்ணீர் அல்ல. எத்தனாலை இழுத்துக்கொண்ட, தீப்பிடிக்கக்கூடிய திரவம். அதை மணலிலோ கடலிலோ ஊற்றாதீர்கள்.

இந்தக் கலவையை விசைப்படகின் இன்ஜினுக்கும் ஊற்ற வேண்டாம். இன்ஜினுக்கு டீசலைச் செலுத்தும் பம்புக்கு டீசலேதான் வழவழப்பு. பெட்ரோல் கலந்தால் அது குறைந்து பம்பு தேயும். கேனை இறுக மூடி, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வைத்து, 'கலப்பு எரிபொருள்' என்று எழுதி ஒட்டிவிட்டு, உரிமம் பெற்ற கழிவு எண்ணெய் மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள்.