மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம் தம்பி

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். மனைவிக்கு மருத்துவமனையில் வேலை கிடைத்து அக்டோபரில் இங்கிலாந்தின் வடகிழக்கே ஆஷிங்டன் வந்திருக்கிறீர்கள். கார் இன்னும் வாங்கவில்லை. தூத்துக்குடியில் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை உப்பளம், லீவு விட்டால் கூந்தன்குளம் என்று பறவை பார்த்துப் பழகிய மகள், "இங்கே காக்காவும் புறாவும்தான் இருக்கு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். கேட்டவர்கள் எல்லாம் "மே மாசம் பஃபின் பாருங்க" என்கிறார்கள் (பஃபின் என்பது வண்ண அலகுள்ள கடற்பறவை). அதுவரை என்ன செய்வது? வாடகை வீட்டுக் கொல்லையில் பறவைகளுக்குத் தீனி வைக்கலாமா?

மே வரை காத்திருக்கவே வேண்டாம். குளிர்காலத்தில் இங்கே ஒன்றும் இருக்காது என்பது, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருப்பவர்கள் கிளப்பிவிட்ட பேச்சு. நமக்குத்தான் இந்த நார்தம்பர்லாந்து மாவட்டம் வடக்கு. ஐஸ்லாந்திலும் கிரீன்லாந்திலும் நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளிலும் குஞ்சு பொரித்த பறவைக்கு இது தெற்கு. இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துக்குக் கூந்தன்குளம் எப்படியோ, அப்படித்தான் அவற்றுக்கு இந்தக் கடற்கரை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இங்கே கூட்டம் தாங்காது.

வருகிற சனிக்கிழமையே நியூபிக்கின் போங்கள், உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். கடலுக்குள் ஆணும் பெண்ணுமாக நிற்கும் பெரிய சிலையைப் பார்த்தபடி நடந்தால், முனையில் பழைய தேவாலயம் வரும். அதற்குக் கீழே பாறையும் பாசியுமான இடத்தில் அசையாமல் நில்லுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு பாசியே நகர்வது மாதிரி இருக்கும். அதுதான் கல்திருப்பி உள்ளான். முதுகு அழுக்குப் பழுப்பு, கால் மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு. ஆப்பு மாதிரி இருக்கும் குட்டை அலகைப் பாசிக்கு அடியில் செருகி, தலையால் முட்டிப் புரட்டிப் போடும்; அடியிலிருந்து துள்ளுகிற பூச்சி தப்புவதற்குள் கொத்திவிடும். ஆட்களுக்கு அவ்வளவாகப் பயப்படாது, நாலைந்து எட்டு வரை பக்கத்தில் வரும். மணல் பக்கம் திரும்பினால் சாண்டர்லிங். அலை பின்வாங்கும்போது பின்னாலேயே ஓடி, அலை வரும்போது முன்னால் ஓடி வருகிற வெள்ளைச் சிறு உள்ளான். இந்த இரண்டு இனமும் இதே மாதங்களில் தூத்துக்குடிக் கரைக்கும் வருகின்றன. அங்கே வருபவை சைபீரியாப் பக்கத்தவை, இங்கே வருபவை கிரீன்லாந்து, கனடாப் பக்கத்தவை. மகள் ஏற்கெனவே பார்த்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அதற்கு வடக்கே கிரெஸ்வெல்லிலிருந்து ஆம்பிள் வரை டுரூரிட்ஜ் விரிகுடா. ஒட்டினாற்போல் வரிசையாகக் குட்டைகள். இவற்றில் பல, நிலக்கரி எடுத்த பூமி அமுங்கியோ, திறந்தவெளிச் சுரங்கத்தை மூடிச் சீரமைத்தோ உண்டானவை. நான் நெய்வேலிக்காரன், சுரங்கப் பள்ளத்தில் தண்ணீர் நிற்பதை நிறையப் பார்த்தவன். ஆனால் அதைப் பறவைக்கென்றே ஒதுக்கி, உட்கார்ந்து பார்க்க மரக் குடிலும் கட்டி வைப்பார்கள் என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். அந்தக் குடில்களில் டெலஸ்கோப்போடு வயதான உள்ளூர்க்காரர்கள் இருப்பார்கள். பழைய சுரங்க ஊர்ப் பேச்சு, பாதி புரியாது. குழந்தையைக் கூட்டிப் போனால் நீங்கள் கேட்காமலே டெலஸ்கோப்பை இறக்கிக் கொடுப்பார்கள். நம் நிறத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள், உண்மைதான். அதை நினைத்து ஒதுங்க வேண்டாம்.

இன்னும் வடக்கே லிண்டிஸ்ஃபார்ன் தீவு. கார் வைத்திருக்கும் நண்பர் யாரையாவது பிடியுங்கள். தீவுக்குப் போகும் சாலை நாளுக்கு இரண்டு முறை கடலுக்குள் மூழ்கிவிடும். கடக்கும் நேர அட்டவணையைக் கவுன்ட்டி நிர்வாகம் வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் போய் நடுவில் காரோடு மாட்டி, மீட்புப் படகில் ஏறுகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. நீங்கள் தீவுக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, இந்தப் பக்கக் கரையிலிருந்தே சேற்றுவெளி தெரியும். ஸ்வால்பார்டிலிருந்து வரும் வெளிர்வயிற்று பிரென்ட் வாத்துகள் அங்கேதான் கடற்புல் மேய்கின்றன. பிரிட்டனில் அந்தக் கூட்டம் முறையாகக் குளிர்காலம் கழிக்கிற முக்கியமான இடம் இதுதான். ஓதம் ஏறி முடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள், தண்ணீர் ஏற ஏறப் பறவைகள் உங்களை நோக்கி ஒதுங்கி வரும். டிசம்பரில் மூன்றே முக்காலுக்குள் சூரியன் போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஊருக்குள்ளேயும் பார்க்க இருக்கிறது. சூப்பர் மார்க்கெட் கார் பார்க்கில் வாலாட்டி நடக்கும். சில வருடங்களில் ஸ்காண்டிநேவியாவில் பழம் குறைந்தால், கொண்டை வைத்த வாக்ஸ்விங் கூட்டம் வந்து அங்கேயே ரோவன் மரத்தில் உட்கார்ந்துகொள்ளும். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: தெருவிளக்கடியில் கும்மிருட்டில் பாடுவது ராபின்.

மார்ச் பிறந்தால் கதை மாறும். இப்போது கடலோர வயல்களில் நிற்கும் கர்லூவை நன்றாகப் பார்த்து வையுங்கள், கீழ்நோக்கி வளைந்த நீள அலகு. இவற்றில் ஃபின்லாந்துப் பறவைகளும் உண்டு, அவை ஊர் திரும்பிவிடும். இந்த நாட்டுப் பறவைகள் ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள செவியட் மலைக்கு ஏறும். இன்கிரம், ஆல்வின்டன் பக்கம் ஏப்ரல் காலையில் போய் நின்றால், ஒரு கர்லூ சரிவாக மேலேறி, சிறகை விரித்தபடி இறங்கும்; மெதுவாகத் தொடங்கும் விசில் வேகமெடுத்து நீர்க்குமிழி உடைவது போல ஒரே கொப்பளிப்பாகும். அதைக் கேட்டபிறகு நான் பஃபினுக்கு இரண்டாமிடம்தான் கொடுப்பேன். இங்குள்ள தேசியப் பூங்காவின் சின்னமே கர்லூதான். உலகில் கூடு கட்டும் கர்லூக்களில் ஏறக்குறைய கால்வாசி பிரிட்டனில். ஆனால் 1990களின் நடுவிலிருந்து இங்கே அவை பாதிக்குப் பாதியாகக் குறைந்துவிட்டன. மேய்ச்சல் பெருகியது, ஈரநிலத்தை வடித்தது, முட்டையைத் தின்னும் நரியும் காகமும் என்று பல காரணங்கள்.

இதில் ஒரு சிக்கல். செந்நிறக் கௌதாரி மாதிரியான கிரௌஸை ஆகஸ்ட் 12 முதல் சுடுவதற்காகப் பண்ணையார்கள் வைத்திருக்கும் மேட்டு நிலங்களில் காவலாட்கள் நரியை ஒழிக்கிறார்கள், அதனால் கர்லூவும் ஆட்காட்டியும் அங்கே பிழைக்கின்றன. அதே மாதிரி நிலங்களில்தான் ஹென் ஹாரியர் பருந்தைச் சட்டவிரோதமாகக் கொல்கிறார்கள் என்ற புகாரும் ஓயவில்லை. எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்கே முடிவாகவில்லை. நாய் வளர்த்தால் ஒன்று: மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்த மலைநிலத்தில் கயிறு கட்டியே கூட்டிப் போக வேண்டும், தரையில் கூடு இருக்கும்.

அதே மார்ச்சில் ரயில் ஏறி நியூகாசில் போனால், டைன் ஆற்றுப் பாலத்தில் கிட்டிவேக் என்ற கடற்காகம் கூடு கட்டுவதைப் பார்க்கலாம். உலகில் கடலிலிருந்து மிக உள்ளே தள்ளி முட்டையிடும் கிட்டிவேக் கூட்டம் இதுதான். சத்தமும் நாற்றமும் இலவசம். ஆஷிங்டனுக்கு 2024 டிசம்பரில்தான் பயணிகள் ரயில் திரும்ப வந்தது, உங்களுக்கு அதிர்ஷ்டம்.

பஃபினுக்கு வருவோம். மார்ப்பெத் போய் எக்ஸ்18 பஸ் பிடித்தால் சீஹவுசஸ். அங்கிருந்து ஃபார்ன் தீவுகளுக்குப் படகு. பலரும் பள்ளி விடுமுறை என்று ஆகஸ்டில் டிக்கெட் போட்டு ஏமாறுகிறார்கள். பஃபின் ஜூலைக் கடைசியோடு நடுக்கடலுக்குப் போய்விடும். மே கடைசியில் வரும் ஒரு வார லீவுதான் உங்களுக்குச் சரி, முன்பதிவு செய்துவிடுங்கள், காற்று பலமாக இருந்தால் படகு போகாது. 2022 பறவைக் காய்ச்சலில் பறவைகள் ஏராளமாகச் செத்து, தீவில் இறங்குவதையே நிறுத்தி, 2024-ல்தான் திரும்ப அனுமதித்தார்கள். தொப்பி கட்டாயம். ஆர்க்டிக் ஆலா நடைபாதை ஓரத்திலேயே முட்டையிட்டிருக்கும், தலையில் இறங்கிக் கொத்தும், ரத்தம் வரும். 1982-ல் இங்கே கால்வளையம் போட்ட ஓர் ஆலாக் குஞ்சு அதே வருடம் அக்டோபரில் மெல்போர்னில் கிடைத்தது என்பதை மகளிடம் சொல்லிவிட்டால், கொத்து வாங்கினாலும் கோபப்பட மாட்டாள்.

ஜூலையிலேயே மலை அடங்கத் தொடங்கும், கர்லூ கீழே இறங்கும். செப்டம்பரில் ஐஸ்லாந்திலிருந்து பிங்க்ஃபுட் வாத்துகள் கத்திக்கொண்டே உங்கள் கூரைக்கு மேலே போகும். அக்டோபரில் கிழக்குக் காற்றும் மழையும் சேர்ந்தால் கடலோரப் புதரையெல்லாம் பாருங்கள். ஐந்தாறு கிராம் எடையுள்ள கோல்ட்கிரெஸ்ட், வட கடலைத் தாண்டிவந்த களைப்பில் முழங்கால் உயரத்தில் உட்கார்ந்திருக்கும்.

கொல்லையில் தீனி வைக்கலாம். வாடகை ஒப்பந்தத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், எலி வந்தால் வீட்டுக்காரர் உங்களைத்தான் கேட்பார். உப்பில்லாத வேர்க்கடலையைக் கம்பிக்கூட்டில் வையுங்கள். சூரியகாந்தி விதையும் நல்லது. மீந்த மிக்சர், உப்புக்கடலை எதுவும் கூடாது. தீனிக்கூட்டை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும், அழுக்குக் கூட்டால் பரவிய நோயில்தான் கிரீன்ஃபின்ச் என்ற சிறு குருவி நாடு முழுக்க அருகிப் போனது. ஜனவரிக் கடைசி வாரயிறுதியில் அவரவர் தோட்டத்தில் ஒரு மணி நேரம் பறவை எண்ணிச் சொல்லும் கணக்கெடுப்பு நடக்கும், 1979-லிருந்து நடக்கிறது. மகள் பெயரில் பதிந்துவிடுங்கள், காசு கிடையாது.